டீ பிரேக்கோட நின்னுபோன ஸ்கோர்

இந்த வாரம் வேலை, சம்பளம், ஏஐ எதைப் பத்தியும் பேசப் போறதில்லை. ரெண்டு மாசம் முன்னாடி என் தாத்தா, அதாவது அம்மாவோட அப்பா, தவறிட்டார். 84 வயசு. அவரைப் பத்தித்தான் இந்த எபிசோடு.

தாத்தாவுக்கு உலகத்துல ரெண்டே விஷயம்தான். ஒண்ணு வீடு, இன்னொண்ணு கிரிக்கெட். திருவல்லிக்கேணியில அவர் வீட்டிலிருந்து சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்கு நடந்தே போயிடலாம். டெஸ்ட் மேட்ச்னா ஒரு லாங் சைஸ் நோட்டு, ரெண்டு பேனா, பாட்டி கட்டிக்கொடுத்த தயிர்சாதம். ஒவ்வொரு பந்தையும் எழுதுவார். ரன் இல்லேன்னா ஒரு புள்ளி. விக்கெட் விழுந்தா சிவப்பு மை.

அவர் அதிகமா சொன்ன கதை 1986 டை டெஸ்ட். இந்தியா - ஆஸ்திரேலியா. டெஸ்ட் வரலாற்றுல அதுவரைக்கும் ஒரே ஒரு மேட்ச்தான் டை ஆகியிருந்தது, 1960ல பிரிஸ்பேன்ல. இது ரெண்டாவது. டீன் ஜோன்ஸ் சென்னை வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்ச மேட்ச். கடைசி நாள் இந்தியாவுக்கு 348 ரன் தேவை. கடைசி ஓவர் கிரெக் மாத்யூஸ். அந்த வெயில்லயும் ஸ்வெட்டர் போட்டிருந்த மனுஷன். ரவி சாஸ்திரி ஒரு சிங்கிள் எடுத்து ஸ்கோரை சமன் பண்ணிட்டு எதிர்முனைக்குப் போறார். மணிந்தர் சிங் ஒரு பந்தைத் தடுக்கிறார். அடுத்த பந்து எல்பிடபிள்யூ. 347 ஆல் அவுட்.

தாத்தா இதை ஹால்ல நின்னு நடிச்சே காட்டுவார். அம்பயர் விரலைத் தூக்குற இடத்துல எனக்குப் புல்லரிக்கும்.

காரியம் எல்லாம் முடிஞ்சு பரண்ல இருந்து நோட்டுகளை இறக்கினோம். முதல்ல தேடினது அந்த மேட்ச்தான். 22 செப்டம்பர் 1986, திங்கட்கிழமை. பக்கம் பாதி வரைக்கும் புள்ளி, ரன், சிவப்பு மை. டீ பிரேக்குக்கு ஒரு கோடு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை.

அம்மாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அப்போ எனக்கு டைபாய்டு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுத்தான் மேட்சுக்குப் போனார். டீ டைம்ல கெளம்பி வந்துட்டார். கடைசி ஓவரை மருந்துக்கடை ரேடியோவுலதான் கேட்டோம்"னாங்க.

"எங்கிட்ட நேர்ல பார்த்த மாதிரில்ல சொன்னார்?"

"பார்த்தேன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா? யோசிச்சுப் பாரு."

யோசிச்சேன். சொன்னதே இல்லை.

1999 பாகிஸ்தான் டெஸ்ட் நோட்டும் இருந்தது. சச்சின் 136 அடிச்சும் 12 ரன்ல தோத்த மேட்ச். அது கடைசி பந்து வரைக்கும் முழுசா இருக்கு. ஓரத்துல, 'எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம்'னு எழுதியிருக்கார். ஜெயிச்ச பாகிஸ்தான் டீமுக்குத்தான் அந்தக் கைதட்டல். அதுக்கு அவர் அங்க இருந்தார். டைக்கு இல்லை. அந்த வருத்தத்தை அம்மா மேல ஒருநாளும் ஏத்தினதில்லை. எவ்வளவு பெரிய மேட்சை விட்டுட்டு வந்தேன் பாருன்னு ஒரு வார்த்தை கிடையாது.

இப்போ என் கதை. நான் பெங்களூருக்கு வேலைக்குப் போனதுல இருந்து, ஒவ்வொரு சிஎஸ்கே மேட்சும் முடிஞ்சதும் தாத்தா போன் பண்ணுவார். பாதி நாள் நான் கட் பண்ணிடுவேன். "ரிலீஸ் இருக்கு தாத்தா, அப்புறம் கூப்பிடறேன்." அந்த அப்புறம் பெரும்பாலும் வராது. அவர் கோவிச்சுக்கவே மாட்டார். "வேலையைப் பாருடா கண்ணா. மேட்ச் எங்க போயிடப் போவுது?"ம்பார்.

மேட்ச் போயிடும்னு அவரை விட நல்லாத் தெரிஞ்சவர் யாரு? அவரே ஒண்ணை விட்டவர்தானே. ஆனா அன்னைக்கு அவர் விட்டது மேட்சை. நான் கட் பண்ணது அவரை. நான் ஓடி ஓடிப் பண்ண அந்த ரிலீஸ் எதுவும் இன்னைக்கு எனக்கு ஞாபகம்கூட இல்லை.

அந்த நோட்டு இப்போ என்கிட்டதான் இருக்கு. மீதி ஸ்கோரை இணையத்துல பார்த்து நிரப்பிடலாமான்னு ஒருநாள் பேனாவை எடுத்தேன். மூடி வச்சிட்டேன். அந்தப் பக்கம் அப்படியே இருக்கட்டும்.

உங்க வீட்டுல தாத்தாவோ பாட்டியோ இருந்தா, இந்த எபிசோடு முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.