மண்ணீரலில் ஒரு நிழல்

பித்தப்பையில் கல் உண்டோ என்று அறியச் சென்றார் ஒருவர். சோதனையிலே, இடப்பக்க விலா எலும்புகளின் உட்புறமுள்ள மண்ணீரலில், தேடாத கட்டியொன்று தென்பட்டது. 'புற்றுநோயோ?' என்று அவர் உள்ளம் நடுங்கியது. அறுத்து எடுத்துவிடலாமே எனின், அது எளிதன்று. மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டிக் கிருமிகளைத் தடுக்கும் காவலன். அதனை இழந்தோர் கொடிய தொற்றுக்கு எளிதில் ஆளாவர். ஊசியால் துளைத்துச் சோதித்தாலும் இரத்தம் கசியக்கூடும். பின் வழி யாது? கட்டியைக் காட்டிய ஒலியே அதன் இயல்பையும் ஓரளவு உரைக்கிறது.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. வயிற்றைக் காணப் பயன்படும் ஒலியோ பொதுவாக 20 முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்டது. அதன் எதிரொலியே திரையில் படமாகிறது. 1958ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டும் அவர்தம் துணைவர்களும் வயிற்றுக் கட்டிகளை இம்முறையில் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர்.

தெளிந்த நீர் நிறைந்த கட்டி எதிரொலி எழுப்பாது, கருமையாகத் தோன்றும். அது பெரும்பாலும் தீங்கற்றது. திண்ணிய கட்டியாயின், நுண்ணிய வாயுக் குமிழிகளைச் சிரையின் வழியே செலுத்துவர். மண்ணீரல் அவற்றைச் சில நிமிடங்கள் தாங்கி ஒளிரும். தீய கட்டியோ பெரும்பாலும் விரைவில் இருண்டுவிடும். இதனோடு நோயாளியின் வரலாற்றையும் பழைய படங்களையும் ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்வர். ஐயம் நீங்காவிடின் சில திங்கள் கழித்து மீண்டும் காண்பர்.

வேறு புற்றுநோய் இல்லாதவரிடம் தற்செயலாய்க் காணும் இத்தகைய கட்டி பெரும்பாலும் தீங்கற்றதே. ஆதலின் நிழலைக் கண்டதும் அஞ்சற்க. ஆராயாது விடவும் வேண்டா.