ஜெர்மனி கொடுத்த அங்கீகாரம் பக்கத்து நாட்டில் செல்லுமா?

நான் மதுரைல பி.எஸ்சி நர்சிங் முடிச்சு, இப்போ ஜெர்மனில நர்ஸா இருக்கேன். பி2 அளவு ஜெர்மன் மொழி, பாடத்திட்ட வித்தியாசத்துக்காக ஒரு தேர்வு, இதெல்லாம் தாண்டித்தான் அங்கீகாரம் கிடைச்சது. “இனி ஐரோப்பா முழுக்க வேலை பார்க்கலாம்லக்கா?”னு ஜூனியர்ஸ் கேக்குறாங்க. அப்படி இல்லப்பா.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005/36 விதிப்படி, தானாகக் கிடைக்கும் அங்கீகாரம் ஒன்றியத்துக்குள் படித்தவர்களுக்கானது. நாம இங்கேயே 3 வருஷம் நர்ஸாக வேலை செய்து, அதற்கு ஜெர்மனியிடம் சான்று வாங்கினால், ஆஸ்திரியா நம்ம பட்டத்தையும் அந்த விதிக்குள் வைத்துப் பரிசீலிக்கணும். அப்பவும் கூடுதல் தேர்வோ பயிற்சியோ கேட்கலாம். அதுக்கு முன்னாடியே போனா, அந்த நாட்டுச் சட்டப்படி முதல்ல இருந்து விண்ணப்பிக்கணும்.

என் கணவர் வியன்னால இருக்கார். எனக்கு இன்னும் 14 மாதம் பாக்கி. ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, குடும்பம் எந்த நாட்டுலன்னு பேசி முடிவு பண்ணிடுங்க.