நான்கு முறை கண்ட வால்வெள்ளி



வால்வெள்ளி என்றதும் பலர்க்கும் நினைவு வருவது ஏறக்குறைய 76 வருடத்துக்கொருமுறை வரும் ஹலியின் வால்வெள்ளியே. நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது அதுவன்று, 3.3 வருடத்துக்கொருமுறை சூரியனைச் சுற்றிவரும் என்கேயின் வால்வெள்ளி.

இதனை முதலிற் கண்டவர் பிரான்சியரான மெஷேன்; ஆண்டு 1786. பின்பு 1795இல் இங்கிலாந்திலே கரோலின் ஹேர்ஷல் அம்மையார் கண்டார். 1805இலும் 1818இலும் பொன்ஸ் கண்டார். இந்தப் பொன்ஸ் மார்செய் நகரத்து வானாராய்ச்சி நிலையத்தில் வாயிற்காவலராகச் சேர்ந்தவர். அவரே பின்னர் 37 வால்வெள்ளிகளைக் கண்டார். பரீட்சைக்காக மட்டும் இரவில் விழித்திருக்கும் நாம் சற்று வெட்கப்படத்தான் வேண்டும்.

கண்டது நான்கு முறை; பொருள் ஒன்று. அதை நிறுவுவது எங்ஙனம்? சில வாரம் தோன்றி மறைவதன் சிறுதுண்டுப் பாதையைக் கொண்டு முழுப் பாதையை அறிதல் எளிதன்று. அக்காலத்தார் பாதையைப் பரவளைவாகக் கொண்டே கணக்கைத் தொடங்குவர். பரவளைவிற் செல்வது திரும்பி வராது. ஜேர்மனியரான என்கே 1818ஆம் ஆண்டு அவதானங்களை எடுத்துக் கணித்தார். பரவளைவு பொருந்தவில்லை, சிறிய நீள்வட்டம் பொருந்தியது. சூரியனை அணுகும்போது புதனின் பாதைக்கும் உள்ளே செல்லும். அகலும்போதும் வியாழனை எட்டாது. கோள்களின் ஈர்ப்பையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணித்தார், நான்கும் ஒன்றாயின. 1822இல் மீண்டும் வரும் என்றார். வந்தது. கண்டவர் அவுஸ்திரேலியாவின் பரமற்றாவிலிருந்த றூம்கர். உலகம் என்கேயின் பெயரை இட்டது. அவரோ பொன்ஸின் வால்வெள்ளி என்றே சொல்லிவந்தார்.

ஆயினும் ஒரு சிறு பிசகு நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் முந்தி வந்தது. விண்வெளியில் ஏதோ நுண்பொருள் தடுக்கிறது என்றார் என்கே. தடுத்தால் பிந்தாதோ என்று கேட்பீர்கள். வேகங் குறையச் சூரியன்பாற் சரியும், பாதை குறுகும், சுற்று விரைவில் முடியும். அழகான விளக்கம், ஆனாற் பிழை. ஹலியின் வால்வெள்ளி பிந்தியல்லவா வருகிறது! தடையொன்று இரண்டையும் செய்யாது.

1950இல் அமெரிக்கரான விப்பிள் விடை சொன்னார். வால்வெள்ளியின் கரு தூசி கலந்த பனிக்கட்டி. சூரிய வெப்பத்தால் ஆவி பீறிட, வாணம்போல் எதிர்ப்புறம் தள்ளப்படும். கரு சுழலும் திசைக்கேற்ப முந்தும், அன்றிப் பிந்தும்.

2023 ஒக்டோபரிலும் அது சூரியனை அணுகிச் சென்றது. ஐப்பசி இரவில் மழைமுகில் விலகினால் இடபராசிப் பக்கமிருந்து மெதுவாக வரும் எரிவெள்ளிகள் சிலவற்றைப் பாருங்கள். அவற்றிற் பல இவ்வால்வெள்ளி உதிர்த்த தூசிகளே.