புளியிட்டுத் துலக்கிய காசு



சில ஆண்டுகளுக்கு முன்பு, அட்டனை அடுத்த தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன், காலைக் கூட்டம் முடிந்ததும் என் அறை வாயிலில் வந்து நின்றான். அவன் தகப்பனார் தேயிலை மலையில் கான் வெட்டியபோது மண்ணோடு வந்த செம்புத் துண்டொன்று அவன் உள்ளங்கையில் இருந்தது. பச்சைக் களிம்பும் களிமண்ணும் அதில் அப்பியிருந்தன. புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி வரும்படி அவனை அனுப்பினேன். குத்துவிளக்கைத் துலக்குவது போல அவனும் துலக்கி வந்தான். காசு பளபளத்தது. ஒருபுறம், படுத்திருக்கும் இடபத்தின் முதுகும் அதன்மேற் பிறை போன்றதொரு கோடும் தெரிந்தன. அதன் கீழே, எழுத்து இருந்திருக்கக்கூடிய இடம் வழவழவென்று இருந்தது. வரலாறு கற்பிக்கும் ஒருவன் செய்யத் தகாத செயலைச் செய்துவிட்டேன் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

அவ்விடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கலாம்? யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்டவை எனக் கருதப்படும் காசுகளில், ஒருபுறம் நிற்கும் மன்னன் உருவமும், மறுபுறம் படுத்த நந்தியும், அதன் கீழே தமிழில் 'சேது' என்னும் சொல்லும் காணப்படும். இவற்றை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுக்கு உரியவை என்று உரைத்தாரும் உளர். எனினும் கேகாலைப் பகுதியிற் கிடைத்த கொட்டகமத் தமிழ்க் கல்வெட்டிலும் 'சேது' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருப்பது யாழ்ப்பாணத்தார் பக்கத்துக்கு வலிமை தருகின்றது. சுவாமி ஞானப்பிரகாசரும், 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட கொட்றிங்டன் துரையும் இவ்வழியிற் பெரிதும் உழைத்தவர்கள்.

யாழ்ப்பாணத்துக் காசு இம்மலைச் சரிவுக்கு எவ்வாறு வரும் என்று நீங்கள் வினவலாம். 1344இல் இபன் பதூதா என்னும் மொறோக்கோ நாட்டுப் பயணி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, அவர் துணையாக அனுப்பிய யோகிகளோடும் பிராமணர்களோடும் சிவனொளிபாத மலைக்கு ஏறினார். யாத்திரிகன் மடியிற் காசு இராமலா போகும்? ஆனால் அக்காசு எவர் மடியிலிருந்து எப்பொழுது விழுந்தது என்பதை அக்காசு சொல்லாது. நம் முன்னோர் காப்பிக்கும் தேயிலைக்குமாக இங்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஒற்றைக் காசை உயர்த்திப் பிடித்து அதற்கு முந்திய உரிமை பேசுவது காசுக்கும் நீதியன்று, நமக்கும் நீதியன்று. காடழித்துத் தோட்டம் ஆக்கிய உழைப்பே நமக்குப் போதிய சாசனம் என்பது என் கருத்து.

இனி, பழைய அடிகாசை அறியும் வகையைக் கூறுகிறேன். அக்காலத்து அக்கசாலையில் கீழச்சின் மேல் செம்புத் தகட்டை வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். கை சற்றே விலகினால் உருவமும் விலகும். ஆகவே தலை இருந்தாற் கால் இராது. எழுத்திற் பாதி விளிம்புக்கு வெளியே போயிருக்கும். வட்டம் செம்மையாக இராது; ஓரத்தில் வெடிப்பும் காணலாம். பொலநறுவைக் காலத்துச் செப்புக்காசுகள் ஏறக்குறைய நான்கு கிராம் நிறையும் இரண்டு சதம மீற்றர் குறுக்களவும் உடையவை. அவற்றில் ஒருபுறம் நிற்கும் மன்னன், மறுபுறம் அமர்ந்த உருவம், அதனருகே நாகரி எழுத்து. முதலாம் இராசராசனின் சோழக் காசில் உள்ள இவ்வமைப்பையே, சோழரை 1070இல் வெளியேற்றிய விசயபாகுவும், பின்வந்த பராக்கிரமபாகுவும், அரசி லீலாவதியும் தத்தம் பெயரிட்டு வழங்கினர். பகைவன் போனான், அவன் காசின் முகம் போகவில்லை. உருவங்கள் ஒன்றுபோலவே இருத்தலால், எவர் காசு என்பதை அந்தச் சிறு எழுத்தே காட்டும். புளி முதலில் தின்பது அதையே.

யானை உருவம் இருப்பின் அவசரப்படாதீர்கள். ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயே அடித்த தடித்த காசுகள் பார்வைக்கு மிகப் பழையன போலத் தோன்றும். தென்னை போன்ற மரம் இருப்பின் அது 1870க்குப் பிற்பட்ட சதக்காசு.

உலோகங் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு புதையல் தேடித் திரிவோரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் அக்கருவியாற் கிடைத்தவற்றைப் பதிவுசெய்யவென்றே 1997இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நம் நாட்டில் நிலை வேறு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி மண்ணுள் மறைந்திருக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். தற்செயலாகக் கையில் அகப்பட்டதையும் அறிவிக்க வேண்டும். கழுவாமல், உரைக்காமல், ஒரு கடதாசியில் மடித்து, எந்த மலை, எந்தக் கான், எத்தனை அடி ஆழம் என்பதை அதன்மேற் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்திடம் சேர்ப்பித்தால் போதும்.

இவற்றையெல்லாம் வகுப்பிற் சொன்னேன். என் தவற்றையும் மறைக்காமற் சொன்னேன். அடுத்த மாதம் அம்மாணவன் மறுபடியும் வந்தான். கொப்பித் தாளில் மடித்த பொட்டலம். மேலே மலையின் இலக்கமும் ஆழமும் எழுதியிருந்தான். மண் உலர்ந்து தானே உதிர்ந்ததும் மரம் தெரிந்தது. விக்டோரியா மகாராணியின் அரைச் சதம். அவன் ஏமாற்றம் அடைவான் என்று எண்ணி ஆறுதல் சொல்ல வாய் திறந்தேன். அவனோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எங்கள் பாட்டனாருடைய பாட்டனார் வாங்கிய சம்பளக் காசாக இருக்குமோ?" என்று கேட்டான்.

இருக்கலாம் என்றேன்.