சொல் வாழ மரம் வாழவேண்டும்



கோப்பாயில் இருந்துகொண்டு குறிஞ்சித்திணை படிப்பிப்பது எளிதன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லை. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். அவற்றுட் பலவற்றுக்கு அகராதி தரும் பொருள் 'ஒருவகை மரம்' என்பதே. மரத்தைக் காணாதவர்க்கு அதற்குமேல் என்ன சொல்லமுடியும்?

அக்குறிஞ்சியின் பழைய முகம் அழியாதிருக்கும் ஓரிடம் பழைய சேரநாட்டிலே, இன்றைய பாலக்காட்டு மாவட்டத்திலே உண்டு. அதுவே அமைதிப் பள்ளத்தாக்கு. அவ்வனத்துக்குச் சைரந்திரி என்றும் பெயர். விராடன் அரண்மனையில் மறைந்து வாழ்ந்தபோது திரௌபதி பூண்ட பெயர் அது. ஊடே ஓடும் ஆறு குந்தி. மாமியின் பெயரில் ஆறு; மருமகளின் பெயரில் காடு!

அங்கே வானளாவ நிற்பது வெடிப்பலா. தென்னிலங்கையில் விற்கும் தூரியானுக்கு உறவு. பூவும் முட்காயும் கிளையோடு ஒட்டியே தோன்றும். சிங்கவால் குரங்குகளுக்கு அவையே பேருணவு. அதனோடு கூடி வளர்வது நாகமரம், நம் நாட்டின் தேசிய மரம். கபிலரின் வரிசையிலும் நாகம் உண்டு. உதிர்ந்த இலைகளும் பின்னிய வேர்களும் மழைநீரைத் தாங்கி மெல்ல விடுவதால் குந்தி ஆறு தெளிந்தே ஓடுகிறது.

1970களில் இவ்வாற்றை மறித்து மின்சார அணை கட்டத் திட்டமிட்டார்கள். 800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காடு நீரில் மூழ்கியிருக்கும். மலபாருக்கு மின்சாரம் வேண்டும் என்ற வாதமும் வெறும் வாதமன்று. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினர் அறிவியல் நியாயங்களை எடுத்துரைத்தனர். கவிஞர்கள் ஊரூராகச் சென்று பாடினர். அவர்களுள் முன்னின்றவர் சுகதகுமாரி (1934-2020). 'மரக்கவிகள்' என்று எள்ளினார்கள். அவ்வசைப் பெயரே அவர்களுக்குப் பட்டமாயிற்று. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் ஏறத்தாழ 90 சதுர கிலோமீற்றர் பரப்புத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

கவிதை தனியே நின்று காட்டைக் காத்தது என்று நான் சொல்லவரவில்லை. அறிவியலார் கணக்குக் காட்டினர். அக்கணக்கை மக்கள் நெஞ்சில் ஏற்றியது கவிதை. அதனாலே கவிதையும் பயன்பெற்றது. மரம் அழிந்தால் அதன் பெயர் ஏட்டில் வெறும் எழுத்தாகும். உரையாசிரியர் எத்தனை பேர் வந்தாலும் அதற்கு மணம் ஊட்டமுடியாது.

நமக்கு மலை இல்லாமற் போகட்டும். கபிலர் சொன்ன தில்லை, நம் கடனீரேரிக் கரைகளிலே கண்டலோடு நிற்கிறது. அதன் பால் கண்ணிற் பட்டால் ஆகாது என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். விறகுக்கும் வீட்டுக்காணிக்குமாக அக்கரைகளைத் துப்புரவாக்கிவிட்டால், நாளைய அகராதியில் தில்லையும் 'ஒருவகை மரம்' ஆகிவிடும். அக்கரைகளைக் காப்பதும் தமிழ்த்தொண்டே.