கோலாப்பூரில் போலந்துக் கல்லறைகள்

காட்கோபரிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நமக்குக் கோலாப்பூர் என்றதும் மகாலட்சுமி கோயிலும் தோல் செருப்பும் வெல்லமும் நினைவுக்கு வரும். அந்நகரின் கிறிஸ்தவ இடுகாட்டில் போலந்து நாட்டவர் சிலர் துயில்கின்றனர் என்பதை நம்மில் அறிந்தோர் சிலரே.

அவர்கள் இங்கு வந்தது எவ்வாறு? 1939 செப்டம்பரில் ஜெர்மனியும் சோவியத் யூனியனும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கிழக்குப் போலந்தின் மக்கள் லட்சக்கணக்கில் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தானுக்கும் நாடு கடத்தப்பட்டனர். விடுதலை பெற்றவர்களில் ஒரு பகுதியினர் 1942 முதல் ஈரான் முதலிய வழிகளில் இந்தியாவை அடைந்தனர். நவாநகர் மன்னர் திக்விஜயசிங்ஜி ஜாம்நகருக்கு அருகே பாலாசடியில் போலந்துக் குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். கோலாப்பூரை அடுத்த வலிவடேயில் 1943 முதல் 1948 வரை நடைபெற்ற முகாமில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்தனர்; பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளுமே. பள்ளியும் தேவாலயமும் மருத்துவமனையும் அங்கு இருந்தன. பசியாலும் பிணியாலும் நலிந்து வந்தவர்களில் சிலர் இம்மண்ணிலேயே கண் மூடினர்.

எஞ்சியோர் ஊர் திரும்ப இயலவில்லை. போருக்குப் பின் அவர்களுடைய ஊர்கள் சோவியத் எல்லைக்குள் சென்றுவிட்டன. ஆகவே பலர் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா என்று சிதறினர். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குலவரலாற்றைத் தேடும்போது, நடுவில் அறுந்த இழையைக் கோத்துத் தருவது இக்கற்களே.

போலந்துக் கல்லறை எழுத்தைப் படிப்பது கடினமன்று. பெயருக்கு மேல் காணும் இரண்டு எழுத்துகள் 'புனித நினைவுக்குரிய' என்பதன் சுருக்கம். 'உர்' என்றால் பிறப்பு. அதையடுத்து இறந்த நாள் வரும். குடும்பப் பெயர் ஆணுக்கு 'ஸ்கி' என்று முடிந்தால், பெண்ணுக்கு 'ஸ்கா' என்று முடியும். இதனை அறியாதவர் அண்ணனையும் தங்கையையும் வெவ்வேறு குடும்பத்தினர் என மயங்குவர். மணமான பெண்ணின் பெயருக்குப் பின் 'ஸ் தோமு' என்றொரு தொடர் வருவதுண்டு. 'இன்ன வீட்டிலிருந்து' என்பது அதன் பொருள். நாம் 'பிறந்த வீடு' என்கிறோமே, அதுவே! அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு தாய்வழி முன்னோரைத் தேடிச் செல்லலாம். ஊர்ப் பெயர் இருந்தால் எச்சரிக்கை தேவை. அன்றைய 'ல்வூவ்' இன்று உக்ரைனின் 'ல்விவ்'. அன்றைய 'வில்னோ' இன்று லிதுவேனியாவின் தலைநகரான வில்னியஸ்.

கல்லில் இறந்த நாள் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிறந்த நாளோ உறவினர் நினைவிலிருந்து சொன்னதாகலாம். தேவாலயப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பின்னரே அதனை ஏற்க வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் கல்லைச் சுரண்டலாகாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில் புகைப்படம் எடுத்தால், மறைந்த வரிகள் நிழலால் தெளிவுறும்.

இனி நம்மைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். நெல்லைச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் மும்பைக்கு வந்து தலைமுறைகள் கண்டவர்கள் நாம். நம்மில் பெரும்பாலோர் இறந்தோரைத் தகனம் செய்பவர்கள். பெயர் பொறித்த கல் நமக்கு இல்லை. அடக்கம் செய்வோருக்கும் இடநெருக்கடி மிகுந்த இந்நகரில் நிலையான கல்லறை எளிதன்று. நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை. தந்தை பெயரின் தலையெழுத்தே உண்டு. அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பாட்டியின் பிறந்த ஊர் பாட்டியோடு மறைந்துவிடுகிறது.

ஆகவே நேயர்களே, ஒரு குறிப்பேடு எடுங்கள். வீட்டு முதியோர் ஒவ்வொருவரின் பெயர், பெற்றோர் பெயர், தாயின் பிறந்த ஊர், வட்டம், மும்பைக்கு வந்த ஆண்டு, முதலில் குடியிருந்த இடம் ஆகியவற்றை அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். தலையெழுத்தை விரித்து முழுப்பெயராக எழுதுங்கள். சொன்னவர் யார், எழுதிய நாள் எது என்பதையும் குறியுங்கள். அகதிகளாக வந்தவர்கள் வறுமையிலும் தம்மவர் பெயரைக் கல்லில் பொறித்தார்கள்; நமக்குத் தாளும் மையும் போதும். கேட்டறிய வேண்டியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.