தெரியாதவை இரண்டு



கணிதம் என்றதும் நம்மிற் பலருக்கு அச்சம். அதிலும் ஒருங்கமை சமன்பாடு என்றால், தெரியாதது ஒன்றல்ல, இரண்டு! உடனே பென்சிலை வைத்துவிடுகிறோம். அவ்வச்சம் வேண்டாததென்று காட்டவே இன்று பேச முற்பட்டோம்.

சீனத்தின் பழைய 'சுன்சி' கணித நூலில் ஒரு கணக்கு உண்டு. ஒரு கூட்டிற் பறவைகளும் முயல்களும் இருக்கின்றன. தலைகள் 35, கால்கள் 94. வகைக்கு எத்தனை?

பறவைகளை 'ப' என்றும் முயல்களை 'ம' என்றும் கொள்வோம்.

ப + ம = 35
2ப + 4ம = 94

முதலாவதிலிருந்து ப = 35 − ம. இதனை இரண்டாவதிற் பிரதியிட்டால், 2(35 − ம) + 4ம = 94; அதாவது 70 + 2ம = 94. ஆகவே முயல்கள் 12, பறவைகள் 23.

மாணவர் இடறும் இடம் ஒன்றுண்டு. ப = 35 − ம என்பதை, அது பிறந்த முதலாவது சமன்பாட்டிலேயே பிரதியிட்டால் 35 = 35 என்றே வரும். அது பொய்யன்று, ஆனால் புதிதாக நாம் எதையும் அறியவில்லை. தன் வழக்குக்குத் தானே சாட்சி சொல்வது போன்றது அது. மற்றச் சமன்பாட்டையும் கேட்டாலன்றி விடை புலப்படாது.

விடை கண்டபின் இரண்டிலும் இட்டுச் சரிபார்த்தல் வேண்டும்: 23 + 12 = 35; 46 + 48 = 94.

இளைஞர்களே, தெரியாதவை இரண்டாயின், ஒன்றை மற்றதைக் கொண்டு சொல்லுங்கள், எஞ்சுவது ஒன்றே. பெரியோர்களே, பிள்ளை பிழைவிட்டால் ஏசாது, "எந்தச் சமன்பாட்டில் இட்டாய்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, கணிதத்தைக் கைவிட இருந்த பிள்ளையைத் திரும்பவும் பென்சிலை எடுக்கச் செய்யும்.